டயர் விளக்கு அணையவில்லை: காற்றா, சென்சாரா? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். திருப்பூரில் இருக்கிறீர்கள், போன வருடம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார். குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தபோது காலையில் வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு வந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி. அங்கேயே பெட்ரோல் பங்கில் நாலு சக்கரத்துக்கும் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வைத்தீர்கள். மலை இறங்கி வந்து நாலு நாளாகியும் விளக்கு அணையவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் நாலு சென்சாரும் போய்விட்டது, 16,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வீட்டிலேயே அணைக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள். அணைக்கும் வழியைச் சொல்வது சுலபம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: டயரில் காற்று குறைகிறதா, இல்லை காற்றைக் கண்காணிக்கும் ஏற்பாடு கெட்டுவிட்டதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் விளக்கை மட்டும் அணைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நான் கோயம்புத்தூரில் டயர் கடை வைத்திருப்பவன். பஞ்சர், பேலன்சிங், அலைன்மென்ட் என்று பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. டயர், ரிம், வால்வு சம்பந்தப்பட்டதை உறுதியாகச் சொல்வேன். வண்டியின் கம்ப்யூட்டருக்குள் நடப்பது எலக்ட்ரீஷியன் பாடு. அதில் எனக்குத் தெரிந்தது ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும் அளவுதான். உங்கள் வண்டி என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இரண்டு வகைக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சாவியைப் போட்டதும் அந்த விளக்கு எப்படி எரிகிறது? இரண்டு மூன்று விநாடி எரிந்து அணைந்துவிட்டால் அது வழக்கமான சோதனை, எல்லா விளக்கும் அப்படித்தான் எரியும். அணையாமல் ஒரே சீராக எரிந்துகொண்டே இருந்தால், வண்டி காற்று குறைவு என்று நினைக்கிறது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் விட்டு விட்டு மினுக்கி, அப்புறம் நிலையாக எரிந்தால், கண்காணிக்கும் ஏற்பாட்டிலேயே கோளாறு. ஏதோ ஒரு சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலான வண்டிகளில் இந்த வித்தியாசத்தை நம்பலாம். மினுக்காமல் திரையில் எழுத்தாகவே காட்டும் வண்டிகளும் உண்டு. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். விளக்கு எரிகிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் சென்சார் போச்சு என்றாரே, விளக்கு மினுக்குகிறதா என்று அவர் கேட்டாரா? மினுக்காமல் சீராக எரிகிற வண்டிக்கு நாலு சென்சாரும் போச்சு என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்து, உங்கள் வண்டியில் சென்சார் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டயர் காற்றைக் கண்காணிப்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், வால்வின் அடியில், தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் வண்டிக்கு அனுப்பும். கிரெட்டா மாதிரி திரையில் நாலு சக்கரத்துக்கும் நாலு எண் காட்டுகிற வண்டிகள் இந்த வகை. இன்னொரு வகையில் சக்கரத்துக்குள் ஒன்றுமே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக (திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) ஒவ்வொரு சக்கரத்திலும் ஏற்கெனவே வேகம் அளக்கும் சென்சார் இருக்கிறதே, அதை வைத்தே வண்டி ஊகிக்கும். டைகுன், குஷாக் மாதிரி வண்டிகளில் இந்த ஏற்பாடுதான். எண் காட்டாது, விளக்கு மட்டும்தான். ஆனால் எண் காட்டாத எல்லா வண்டியும் இரண்டாம் வகை என்று முடிவு கட்ட முடியாது. உள்ளே சென்சார் இருந்தும் விளக்கை மட்டும் காட்டுகிற மாடல்களும் இருக்கின்றன. வால்வைப் பாருங்கள். உலோகத் தண்டாக, அடியில் நட்டு போட்டு இறுக்கியிருந்தால் உள்ளே சென்சார் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாதாரண ரப்பர் வால்வாக இருந்தால் பெரும்பாலும் இல்லை, ஆனால் ரப்பர் வால்வோடு வரும் சென்சாரும் உண்டு. உறுதியான பதில் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி, கையேடு இல்லை என்றால் கம்பெனி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இரண்டாம் வகை எப்படி ஊகிக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி புரிந்துவிடும். சின்னக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் போக ஐந்நூற்றுச் சொச்சம் சுற்று சுற்றுகிறது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கி, சுற்றளவு ஒரு நூல் குறைந்துபோகும். அதனால் அதே தூரத்துக்கு அது மற்ற மூன்றையும் விட ஓரிரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். அந்த ஓரிரு சுற்றை வைத்துத்தான் வண்டி கண்டுபிடிக்கிறது. ஆனால் எதோடு ஒப்பிட்டு? இந்த வகை வண்டிகளில் இதற்கென்று ஒரு 'செட்' பட்டன் இருக்கும். நீங்கள் கடைசியாக அதை அழுத்தியபோது சக்கரங்கள் எப்படிச் சுற்றினவோ, அதோடு. அந்தக் கணக்கைத்தான் அது சரியென்று மனதில் வைத்திருக்கும். ஆகவே இந்த வகையில் காற்று அடித்தால் மட்டும் போதாது. அடித்துவிட்டு, இதுதான் சரியான அளவு என்று வண்டிக்குச் சொல்லவும் வேண்டும். நீங்கள் ஊட்டியில் 35 வைத்தீர்கள், அப்புறம் பட்டனை அழுத்தினீர்களா? எழுதவில்லை. அழுத்தாமல் இருந்தால், விளக்கு நாலு நாளாக எரிவதற்கு அதுவே போதுமான காரணம்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு டயரில் 24 இருக்கும்போது பட்டனை அழுத்தினால் விளக்கு சமர்த்தாக அணைந்துவிடும். வண்டி அந்த 24-ஐயே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் ஒருவர் அலைன்மென்டுக்கு வந்தார். 'வண்டி இடது பக்கமே இழுக்குது அண்ணா' என்றார். இடது முன்சக்கரத்தில் காற்றை அளக்கும் கேஜை வைத்தேன்: 19. 'விளக்கு வரலையா?' என்று கேட்டேன். 'அது வந்துட்டே இருந்துச்சு, பட்டன் இருக்கே, அப்பப்ப அமுக்கி விட்டுருவேன்' என்றார். டயரைக் கழற்றி உள்ளே கைவிட்டால் பக்கச்சுவர் ஓரமாக ரப்பர் தூள், மிளகாய்த்தூள் மாதிரி கையில் ஒட்டியது, நிறம் மட்டும் கறுப்பு. காற்றில்லாமல் ஓடி ஓடி உள்ளே அரைபட்டிருந்தது. பஞ்சர் ஒட்டியே சரிசெய்திருக்க வேண்டிய டயர், தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதனால் ரீசெட்டைப் பற்றி, அதாவது அந்தப் பட்டனை அழுத்துவதைப் பற்றி, நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை. அளந்து, அடித்து, ஒழுக்கு இல்லை என்று பார்த்த பிறகு செய்கிற கடைசி வேலை அது.

சரி, அளப்பதற்கு வருவோம். சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கே நல்ல டிஜிட்டல் கேஜ் கிடைக்கிறது. பங்கில் இருக்கும் மெஷின்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹோஸ் தரையில் புரண்டு, வண்டி ஏறி இறங்கி, முனை ரப்பர் தேய்ந்துபோனால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேஜும் துல்லியமாக இல்லாமல் போகலாம், பரவாயில்லை. நாலு சக்கரத்தையும் ஒரே கேஜில் அளக்கும்போது எது மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்று தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது அதுதான்.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியாக இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெயில் படும் பக்கத்து டயர் கூடுதலாகக் காட்டும். ஓடிய டயரில் சூடேறி நாலு பிஎஸ்ஐ வரை கூடிவிடும். அதனால் ஓடிவந்து பங்கில் 33 வைத்தால், மறுநாள் காலையில் அது 29 அல்லது 30-தான். இது தெரியாமல் சூடான டயரில் அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, முழு லோடுக்கு வேறு என்று எழுதியிருக்கும். டயரின் பக்கத்தில் 'MAX PRESSURE' என்று அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சம். அது உங்கள் வண்டிக்கான அளவு கிடையாது. பொதுவாக 35 வைத்துவிடுவது பங்குப் பையன்களின் வழக்கம். ஸ்டிக்கரில் 33 போட்டிருந்தால் 35-ஆல் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் நாலிலும் உண்மையாக 35 ஏறியதா என்பதுதான் கேள்வி.

அடுத்தது ஊட்டி. மலைக் குளிரில் காற்று சுருங்கும், விளக்கு வரும், கீழே இறங்கினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பல வருடம் வாடிக்கையாளர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் அவ்வளவு நேராக இல்லை என்று தெரிந்தது. 27 டிகிரியில் 33 வைத்த டயர், 8 டிகிரிக் குளிரில் நின்றால் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ இழக்கும். அது உண்மை. ஆனால் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே நம் ஊரை விட 3 பிஎஸ்ஐ போலக் குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். குளிர் எடுத்துக்கொண்ட மூன்றை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கீழே 33 இருந்த டயர், அங்கே அதிகாலையிலும் கிட்டத்தட்ட 33-தான் காட்ட வேண்டும். சக்கரத்துக்குள் சென்சார் இருக்கும் வண்டிகள் சிலவற்றில் உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் 30 என்று காட்டக்கூடும். அப்படியிருந்தாலும் விளக்கு வர 30 போதாது. சரியான அளவில் ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ குறைந்தால்தான் இந்த விளக்கு எரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். 33-க்கு அது 25, 26. ஆக உங்கள் வண்டியில் ஏதோ ஒரு டயர் திருப்பூரில் கிளம்பும்போதே கணிசமாகக் குறைந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். குளிருக்குப் பங்கு இருந்திருந்தாலும் அது வெறும் கடைசித் தள்ளுதான். ஊட்டிக்குப் போகிற வழியில் பஞ்சர் ஆகியிருக்கலாம், அதையும் ஒதுக்கிவிட முடியாது.

அதனால் ஒழுக்கைத் தேட வேண்டும். நாலையும் காலையில் ஸ்டிக்கர் அளவுக்கு வைத்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். காற்றடிக்க 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் சின்னக் கம்ப்ரெசர் ஒன்று டிக்கியில் இருப்பது நல்லது; இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் கிடைக்கும். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் திரும்ப அளங்கள். ஆரோக்கியமான டயரே மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ இழக்கும், ரப்பர் வழியாகக் கசிவது இயல்பு. மூன்று நாளில் நாலும் சேர்ந்து அரைப் புள்ளி இறங்கியிருந்தால் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் மூன்று இறங்கியிருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம்.

அந்தச் சக்கரத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வால்வு மூடியைக் கழற்றி வால்வு வாயில் ஒரு சொட்டு விட வேண்டும். இதை மறந்துவிட்டு டயர் முழுக்கத் தேடுபவர்கள்தான் அதிகம். ஒரு டீச்சர் அம்மா மூன்று பஞ்சர் கடை ஏறிவிட்டு என்னிடம் வந்தார். வாரத்துக்கு நாலைந்து பிஎஸ்ஐ இறங்குகிறது, ஆணி எதுவும் இல்லை. தொட்டியில் அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. அமுக்கியபோது வால்வு மூடி போட்டே இருந்திருக்கிறது. நான் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் வாயில் கடுகளவு ஒரு குமிழி எழுந்து, மெல்ல மிளகு அளவாகி, உடைந்தது. திரும்ப இன்னொன்று. வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னைக் கால் சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டது. அவரிடம் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது. வால்வு பின் இறுக்கும் சாவி சைக்கிள் கடையில்கூடக் கிடைக்கும், நீங்களே செய்யலாம். மெல்லத்தான் இறுக்க வேண்டும், பலம் காட்டக் கூடாது.

வால்வு வாயில் இல்லை என்றால் வால்வின் அடிப்பாகம், அப்புறம் ரிம்மும் டயரும் சேரும் ஓரம், கடைசியில் டயரின் மேல்தளம். பள்ளத்தில் அடிவாங்கிய அலாய் ரிம் லேசாக வளைந்து ஓரத்தில் கசிவதும், பழைய இரும்பு ரிம்மில் துரு பிடித்துக் கசிவதும் நான் அடிக்கடி பார்ப்பது. ஆணி கண்ணில் பட்டால் வீட்டிலேயே பிடுங்க வேண்டாம். அது குத்தியிருக்கிற வரைக்கும் பாதி அடைப்பாகத்தான் இருக்கும். காற்றை வைத்துக்கொண்டு மெல்லக் கடைக்குப் போய்விடலாம். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஒட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

ஒழுக்கு இல்லை, அல்லது சரிசெய்தாயிற்று. இப்போது ரீசெட். வேகத்தை வைத்து ஊகிக்கும் வகையில், வண்டி நின்ற நிலையில் இக்னிஷனைப் போட்டு, திரையின் மெனுவிலோ ஸ்டியரிங் பக்கத்திலோ இருக்கும் பட்டனை விளக்கு மினுக்கும் வரை அல்லது ஒலி வரும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பட்டன் எங்கே, எத்தனை விநாடி என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். அழுத்தியதும் எல்லாம் முடிந்துவிடாது. வண்டி புதுக் கணக்கைப் படித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நெரிசலில் ஊர்ந்தால் போதாது, ரிங் ரோடு மாதிரி இடத்தில் இருபது நிமிடம், அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். டயர் மாற்றினாலும், முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போட்டாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். புது டயருக்கும் தேய்ந்த டயருக்கும் சுற்றளவு வேறு அல்லவா? சென்சார் உள்ள வகையில் பெரும்பாலும் பட்டனே தேவைப்படாது. நிற்கும் வண்டியில் சென்சார் தூங்கிக்கொண்டிருக்கும், சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் விழித்துத் தகவல் அனுப்பும். அதனால் காற்றடித்த உடனே திரையைப் பார்த்துவிட்டு மாறவில்லை என்று பதற வேண்டாம். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

இனி அந்த 16,000. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் வரை வரும். அது பிசின் ஊற்றி அடைத்த பெட்டி, பேட்டரியை மட்டும் மாற்றும்படி செய்யப்படவில்லை. சென்சாரையே மாற்றத்தான் வேண்டும். நாலும் ஒரே நாளில் தொழிற்சாலையில் மாட்டியவை என்பதால் ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே போகும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நாலும் ஒரே காலையில் ஊட்டியில் செத்துப்போவது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. சென்சாரை எழுப்பிப் படிக்கும் கைக்கருவி ஒன்று உண்டு. சக்கரத்தைக் கழற்றாமலே வால்வு பக்கத்தில் வைத்து அழுத்தினால் அந்தச் சென்சாரின் எண், காற்றழுத்தம், பல சமயம் பேட்டரி நிலை எல்லாம் வந்துவிடும். நாலு சக்கரத்திலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பதில் சொல்லாத சென்சாரை மட்டும் மாற்றினால் போதும். அந்தக் கருவி இல்லாமலே நாலும் போச்சு என்று சொல்லியிருந்தால், வேறு இடத்தில் காட்டுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் அலைவரிசையைக் கவனியுங்கள்: இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் பெரும்பாலும் 315. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 315 வாங்கிவந்து மாட்டச் சொன்னவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாட்டிய பின் புதுச் சென்சாரின் எண்ணை வண்டிக்குப் பழக்க வேண்டும். சில வண்டிகள் ஓடும்போது தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்ய நினைக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பழைய சொந்தக்காரர் ஒரு சக்கரத்துக்கு ஸ்டெப்னியைப் போட்டு அப்படியே ஓட்டியிருக்கலாம். நம் ஊரில் வரும் ஸ்டெப்னி பலவற்றில் சென்சார் கிடையாது. அந்தச் சக்கரம் தகவல் அனுப்பாது, விளக்கு மினுக்கும். நாலு வால்வும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று உலோகம், ஒன்று ரப்பர் என்றால் விடை கிடைத்துவிட்டது. காணாமல் போன சக்கரம் அநேகமாக டிக்கியில்தான் படுத்திருக்கும்.

பஞ்சர் கடையில் சென்சார் உடைவதும் சகஜம். அடுத்தவரைக் குறை சொல்லவில்லை, என் கடையிலேயே நடந்தது. வேலைக்கு வந்த புதுப் பையன், மெஷினில் டயரின் ஓரத்தை அமுக்கிப் பிரிக்கும்போது தட்டை நேராக வால்வு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். படக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சென்சார் காசு நான் கொடுத்தேன். அன்றிலிருந்து சென்சார் உள்ள சக்கரம் வந்தால் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுவோம். நீங்களும் எங்கே பஞ்சர் போட்டாலும் டயரைக் கழற்றுவதற்கு முன்னால், 'தம்பி, உள்ளே சென்சார் இருக்கு, வால்வைப் பார்த்து' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உலோக வால்வுக்குப் பளபளப்பான பித்தளை, அலுமினிய மூடியும் வேண்டாம். மழையில் அரித்து ஒட்டிக்கொண்டால் மூடியைத் திருகும்போது தண்டே முறிந்து வரும். ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் மூடிதான் நல்லது. பஞ்சர் ஆகாமல் இருக்க உள்ளே ஊற்றும் ஜெல்லும் சென்சாரின் சின்னத் துளையை அடைக்கக்கூடும்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் அணையும் என்று வீடியோக்கள் சொல்கின்றன. காற்று குறைவாக இருந்தால் சற்று தூரம் ஓடியதும் விளக்கு திரும்ப வரும். நடுவில் கடிகாரமும் ரேடியோவும்தான் அழிந்துபோகும். ஃபியூஸைப் பிடுங்குவது அதைவிட மோசம், வேகச் சென்சார் வகையில் ஏபிஎஸ் பிரேக்கும் சேர்ந்து போய்விடலாம். கறுப்பு டேப் ஒட்டி மறைத்த வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன. இந்த விளக்கு சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிய்ந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து நிறையப் பேர் இறந்தார்கள். 2000-ஆம் ஆண்டு சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வருடமே சட்டம் கொண்டுவந்து, 2007 செப்டம்பருக்குப் பின் தயாராகும் கார் எல்லாவற்றிலும் இந்த விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். காற்று குறைந்த டயர் நாலு வழிச்சாலையில் வெயில் நேரத்தில் 100-இல் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். சேலம் ரோட்டில் வெடித்த டயர்களைக் கழற்றி மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்.

இங்கிருந்தபடி என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விளக்கு சீராக எரிகிறது, திரையில் எண் எதுவும் இல்லை என்றால், முக்கால்வாசி உங்கள் வண்டியில் ஒரு சின்ன ஒழுக்கும் அழுத்தப்படாத ஒரு பட்டனும்தான் பிரச்சினை. செலவு நூறு, இருநூறைத் தாண்டாது. மினுக்கினால் ஒரு சென்சாரோ சென்சார் இல்லாத ஸ்டெப்னியோ காரணமாக இருக்கலாம். நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன் நாலு சக்கரத்தையும் அளந்து அந்த நாலு எண்ணையும், வண்டி மாடலையும், விளக்கு மினுக்குகிறதா இல்லையா என்பதையும் இங்கே எழுதுங்கள். முடிந்தால் நாலு வால்வையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். அதுவரை அந்த 16,000-க்குச் சம்மதம் சொல்ல வேண்டாம், வண்டியை பைபாஸ் பக்கமும் கொண்டுபோக வேண்டாம்.